ஒரு வரி, ஒரு நாள், 400 திருத்தங்கள்

செமினாருக்கு முந்தின ராத்திரி விக்கிபீடியாவைத் திறந்து ரெண்டு பத்தியை அப்படியே ஸ்லைடில் போடாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நானும் போட்டவன்தான். போன செமஸ்டரில் அப்படி எடுத்த ஒரு வரியைப் பற்றி சார் சந்தேகம் கேட்டார். "விக்கியிலேயே இருக்கு சார்" என்று தைரியமாகத் திறந்து காட்டினேன். வரியைக் காணோம்! ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் யாரோ நீக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு வேகமாகவா மாறும் என்று அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். இதைவிட வேகமாகவும் மாறியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோர்டன்ஹில் என்று ஒரு சின்ன ரயில் நிலையம். 2006 மார்ச் 1 அன்று இரவு 11 மணிக்கு ஒருவர் அதைப் பற்றி ஆங்கில விக்கிபீடியாவில் ஒரே ஒரு வரி எழுதிச் சேர்த்தார். அது அங்கே பத்து லட்சமாவது கட்டுரையாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லோர் கண்ணும் அதன்மேல். அடுத்த 24 மணி நேரத்தில் 400 திருத்தங்களுக்கு மேல்! டிக்கெட் கொடுக்கக்கூட ஆள் இல்லாத ஸ்டேஷனுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்.

இதை மட்டும் படித்தால், தப்பு எதுவானாலும் யாராவது உடனே திருத்திவிடுவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய வருடம் நடந்தது வேறு. ஜான் சீகன்தாலர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர், ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்கே தொடர்பு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டதாக, 2005 மே மாதம் யாரோ பெயர் சொல்லாமல் அவரைப் பற்றிய கட்டுரையில் எழுதிவைத்தார். சுத்தப் பொய். நான்கு மாதத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது. நடுவில் ஒருவர் வந்து ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போனார், பொய்யை விட்டுவிட்டார்! எழுபது வயதைத் தாண்டிய மனிதர் தன் பெயரைக் காப்பாற்ற, தானே பத்திரிகையில் எழுத வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரிலிருந்து, கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கியில் புதுக் கட்டுரை தொடங்க முடியாது. இருக்கும் கட்டுரையைத் திருத்த அப்போதும் தடை போடவில்லை.

ஆக, வேகம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஒரு பக்கத்தை எத்தனை பேர் தங்கள் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பாட்களும் காவல் இருக்கின்றன. ஆங்கில விக்கியில் 2010 முதல் இயங்கும் க்ளூபாட் என்ஜி, மெஷின் லேர்னிங் வைத்து நாசவேலையைக் கண்டுபிடித்து நீக்குகிறது. கெட்ட வார்த்தை, உளறல் என்றால் அது பிடித்துவிடும். மரியாதையான நடையில் எழுதின பொய்யைப் பிடிப்பது கஷ்டம், அதற்கு விஷயம் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

நீங்கள் அடுத்த முறை எடுக்கும்போது மேலே உள்ள 'வரலாறு' பகுதியை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். அந்த வரி எப்போது வந்தது, சேர்த்தவர் ஆதாரம் கொடுத்தாரா, அதற்குப் பிறகு யாராவது அதைத் தொட்டார்களா, எல்லாம் தேதியோடு இருக்கும். நேற்று வந்த வரி என்றால் நான் இப்போது எடுப்பதில்லை. எடுத்தால் 'நிலையான இணைப்பு' என்பதைக் காப்பி செய்து ரிப்போர்ட்டில் போட்டுவிடுகிறேன். நாளைக்குக் கட்டுரை எப்படி மாறினாலும், நான் படித்த அதே பதிப்பு சாருக்கும் திறக்கும்.