கடலூர்க் கரும்பு, சிதம்பரம் கொய்யா... கிறிஸ்துமஸுக்குச் சுடச்சுட ஒரு பழ பானம்!

"கொய்யாப்பழமா? இந்தக் குளிரிலேயா? வேண்டாண்டா கண்ணு, சளி பிடிச்சுக்கும்!"

மார்கழி பிறந்துவிட்டால் இந்தக் குரல் கேட்காத வீடே இல்லை எனலாம். பாட்டிமார் சொல்வார்கள், அத்தைமார் சொல்வார்கள், ஏன், நாமே சொல்வோம். வேடிக்கை என்னவென்றால், கொய்யா மலிந்து கிடப்பதே இந்த நாட்களில்தான். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கும். பஸ் நிலையத்து வாசலில் உப்பும் மிளகாய்த் தூளும் தூவி நறுக்கிக் கொடுப்பார்கள். குழந்தை கை நீட்டும். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

இதே டிசம்பரில், உலகத்தின் மறுகோடியில் உள்ள மெக்ஸிகோ நாட்டுத் தாய்மார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அவர்கள் ஊரிலும் குளிர்தான். கொய்யாவை ஒதுக்காமல், கரும்பு, புளி, வெல்லம், பட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய பானையில் கொதிக்க வைத்து, ஆவி பறக்க மண் குவளையில் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். இதன் பெயர் 'போன்ச்சே'. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கென்றே செய்யும் பானம் இது.

பொருள்களின் பெயரைப் படித்ததும், "அட, இதெல்லாம் நம்ம ஊர்ச் சாமானாச்சே!" என்று தோன்றுகிறதல்லவா? ஆமாம் சகோதரிகளே, இந்தப் பானத்துக்கு வேண்டியதில் முக்கால்வாசி கடலூர் சந்தையிலும் சிதம்பரம் கடைத்தெருவிலும் கிடைத்துவிடும். பெயர்கூட நம்மிடமிருந்து போனதுதான்!

ஐந்து சாமான் சேர்ந்தது பஞ்ச்

'பஞ்ச்' என்ற சொல் 'ஐந்து' என்று பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். பஞ்சாமிர்தம், பஞ்சபாத்திரம் என்கிறோமே, அதே ஐந்துதான். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்தையும் கலந்து 17-ம் நூற்றாண்டில் இங்கே வாணிபம் செய்ய வந்த ஆங்கிலக் கும்பெனிக்காரர்கள் குடித்தார்கள். அந்தக் கும்பெனி 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியதுதான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, இந்தக் கடற்கரையில் கும்பெனிக்குத் தலைநகரமாக இருந்ததும் கடலூரே.

இந்தியாவில் கற்ற சொல்லைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஸ்பானிய மொழிக்குப் போய் 'போன்ச்சே' ஆயிற்று. மெக்ஸிகோவை ஆண்டவர்கள் ஸ்பானியர்கள் அல்லவா? அங்கேயும் அது நிலைத்துவிட்டது.

சாமான்களும் இப்படிக் கடல் தாண்டியவைதான். கரும்பு ஆசியாவிலிருந்து அரபு நாடுகள், ஸ்பெயின் வழியாக மெக்ஸிகோ போனது. புளியின் ஆங்கிலப் பெயரே, 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பதிலுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது கொய்யா. போர்த்துக்கீசியர் கொண்டு வந்தார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பரங்கிப்பேட்டை இருக்கிறதே, அந்தப் பெயரே பரங்கியரான போர்த்துக்கீசியரின் ஞாபகம்தான். ஆக, கொய்யாவும் கரும்பும் ஒரே பானையில் வேகும்போது இரண்டு கண்டங்கள் சேர்ந்து வேகின்றன!

ஒன்பது இரவு, ஒன்பது வீடு

மெக்ஸிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'பொஸாதாஸ்' கொண்டாடுகிறார்கள். நமது நவராத்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நிறைமாத கர்ப்பிணியான மேரியும் ஜோசப்பும் தங்க இடம் கேட்டு வீடு வீடாக அலைந்ததை நினைவுகூர்ந்து, அக்கம்பக்கத்தார் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார்கள். முதலில், "இடமில்லை" என்று உள்ளேயிருந்து பாட்டாலேயே பதில் வரும். கடைசி வீட்டில் கதவு திறக்கும். வந்தவர்களுக்கெல்லாம் சூடான போன்ச்சே கொடுப்பார்கள். மெக்ஸிகோ நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அகோல்மான் மடத்துத் துறவிகள் 1587-ல் தொடங்கி வைத்த வழக்கம் இது.

நம் பக்கத்திலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சிலிருந்து பாட்டுக்குழு வீடு வீடாக வருகிறது. பனியில் நனைந்து, தொண்டை கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது என்ன? கலர் சோடா, இல்லையென்றால் காப்பி. இந்த வருஷம் சூடான பழ பானம் கொடுத்துப் பாருங்கள். பாட்டு இன்னும் இரண்டு கூடுதலாகவே கிடைக்கும்!

வேண்டிய சாமான்கள் (சின்ன டம்ளரால் சுமார் 12 டம்ளர்)

தண்ணீர் - 2 லிட்டர்
கொய்யாப்பழம் (அதிகம் கனியாதது) - ½ கிலோ
ஆப்பிள் - 2
கரும்பு - ஒரு முழம்
வெல்லம் - 150 கிராம்
புளி - சின்ன எலுமிச்சை அளவு
பேரீச்சம்பழம் - 8
உலர்ந்த திராட்சை - 50 கிராம்
பட்டை - விரல் நீளத்தில் 2
கிராம்பு - 4
கமலா ஆரஞ்சுத் தோல் - ஒரு சிறு துண்டு

மெக்ஸிகோவில் 'தெஹோகோத்தே' என்ற சிறிய மஞ்சள் பழம் ஒன்றைக் கட்டாயம் சேர்ப்பார்கள். அது நமக்குக் கிடைக்காது. அதற்குப் பதிலாகத்தான் ஆப்பிள். பூச்சியில்லாத நல்ல இலந்தைப்பழம் கிடைத்தால் ஒரு கைப்பிடி போடலாம். அவர்கள் சேர்க்கும் 'பிலோன்சியோ' என்பது அச்சில் வார்த்த நம் வெல்லமேதான். கரும்புக்குக் கவலையே இல்லை. நெல்லிக்குப்பத்தில் 1840-களிலேயே சர்க்கரை ஆலை வந்த பூமி இது! பொங்கல் கரும்பு இன்னும் வெட்டவில்லை என்றால் கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்முறை

கரும்பைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி நான்காகப் பிளந்துகொள்ளுங்கள். புளியை வெந்நீரில் ஊறவைத்து அரை டம்ளர் கரைசல் எடுத்து வடிகட்டுங்கள். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் தனியாகக் கரைத்து மண் போக வடிகட்டி வையுங்கள்.

தண்ணீரில் கரும்பு, பட்டை, கிராம்பு போட்டு 15 நிமிஷம் கொதிக்க விடுங்கள். புளிக் கரைசலையும் வெல்லக் கரைசலையும் ஊற்றிப் பச்சை வாசனை போக இன்னும் 10 நிமிஷம் கொதிக்கட்டும். பிறகு தீயைக் குறைத்து, நறுக்கிய ஆப்பிளைப் போடுங்கள். 5 நிமிஷம் கழித்துக் கொய்யா, கொட்டை நீக்கிய பேரீச்சை, திராட்சை ஆகியவற்றைச் சேருங்கள். 10 நிமிஷத்தில் கொய்யா வெந்துவிடும், குழையவிடக் கூடாது. இறக்குவதற்குச் சற்று முன்னால் ஆரஞ்சுத் தோலைப் போட்டு, இறக்கியபின் 10 நிமிஷம் மூடி வையுங்கள். வீடே மணக்கும்!

டம்ளரில் பாதி பழம், பாதி சாறு என்று ஊற்றி ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுப்பதுதான் முறை. குடித்துக்கொண்டே பழத்தைச் சாப்பிட வேண்டும்.

கொய்யாவை ஏன் கடைசியில் போடச் சொல்கிறோம்? 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு. ஆனால் கொதிக்கக் கொதிக்க இந்தச் சத்து குறையும். குறைந்த நேரம் வேகவைத்தால் கொஞ்சமாவது மிஞ்சும். தண்ணீரில் இறங்குவதையும் சாறோடு குடித்துவிடுகிறோம்.

பாத்திரத்தில் கவனம்!

புளி சேர்ந்த பண்டம். ஈயம் பூசாத பித்தளையிலும் அலுமினியத்திலும் செய்யவே கூடாது. புளிப்பு பட்டால் பித்தளையில் களிம்பு இறங்கும். எவர்சில்வர் பாத்திரமோ, பழகிய மண்பானையோ நல்லது. மீந்ததை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரு கொதி விட்டுச் சாப்பிடலாம். மூன்றாம் நாளுக்கு வைக்க வேண்டாம்.

பண்டிகைக் கூட்டத்தில் பெரிய பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைப்பது நம் பழக்கம். தவழும் குழந்தையும் ஓடும் குழந்தையும் உள்ள வீட்டில் இது ஆபத்து. மேடைமேல், எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தைகளுக்கு வெதுவெதுப்பாக ஆற்றியே கொடுங்கள்.

யாருக்கு எவ்வளவு?

*கைக்குழந்தைக்கு:* ஒரு வயதுக்குள் இந்தப் பானமே வேண்டாம். வெல்லத்துக்குப் பதில் தேன் போடலாமே என்று அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். தேன் அவர்களுக்கு ஆகவே ஆகாது.

*ஐந்து வயதுக்குள்:* கரும்புத் துண்டு, கிராம்பு, பட்டை, முழுத் திராட்சை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தொண்டையில் சிக்கும். கொய்யா விதையை வழித்து, சதையை மசித்துக் கொடுங்கள். குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெல்லம் பல்லில் ஒட்டும்.

*சர்க்கரை வியாதிக்காரருக்கு:* "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்று மாமனாருக்கு இரண்டாவது டம்ளர் ஊற்றிவிடாதீர்கள். இரத்தத்தில் சேர்ந்தபின் இரண்டும் ஒன்றுதான். இந்தக் கணக்கில் செய்தால் ஒரு சின்ன டம்ளரில் சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமமான வெல்லம் இருக்கும். கரும்பு, பேரீச்சை, திராட்சையின் இனிப்பு வேறு. அவர்களுக்காகத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் பட்டை, கிராம்பு, கொஞ்சம் கொய்யா மட்டும் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். எல்லாரும் குடிக்கும்போது அவரும் ஒரு டம்ளர் கையில் வைத்திருப்பார்; மனசு நிறையும்.

*பெரியவர்களுக்கு:* மெக்ஸிகோவில் ஆண்கள் இதில் ரம் கலப்பதுண்டு. நம் வீட்டில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரே மாதிரி டம்ளரில் கலந்தது எது, கலக்காதது எது என்று தெரியாமல் குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

சளி பிடிக்குமா, பிடிக்காதா?

பாட்டியின் கேள்விக்கு வருவோம். சளியைக் கொண்டுவருவது கொய்யா அல்ல; இருமல், தும்மல், கை வழியாகப் பரவும் நுண்கிருமிகள். குளிர்காலத்தில் பழத்தை நிறுத்துவதால் குழந்தைக்கு நஷ்டமே தவிர லாபமில்லை. ஆனாலும் பெரியவர்கள் மனம் நோகாமல் குழந்தைக்குப் பழம் கொடுக்க வேண்டுமானால், "சூடாத்தான் இருக்கு அத்தை, பட்டை கிராம்பு எல்லாம் போட்டிருக்கேன்" என்று இந்த டம்ளரை நீட்டலாம். மறுப்பு வராது!

அதே சமயம் இது சளிக்கு மருந்து அல்ல. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

களி வரும் வீட்டுக்கு

இன்னொரு சௌகரியமும் உண்டு. கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை இருக்கும். சைவக் குடும்பத்து அண்டை வீட்டார் தட்டை வாங்கிக்கொள்வார்கள். சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார்கள். கொடுத்தவருக்கும் அது தெரியும். இந்தப் பானத்தில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை, மதுவும் இல்லை. எந்த வீட்டுக்கும் தயங்காமல் கொடுத்தனுப்பலாம்.

சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைத் திருவிழாவும் கிறிஸ்துமஸும் சில வருஷங்களில் கைகோத்துக்கொண்டு வரும். 2023-ல் டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், 26 நடராஜர் தேர், 27 ஆருத்ரா தரிசனம்! 'திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி' என்பார்கள். அந்தக் களிக்கும் இந்தப் பானத்துக்கும் வெல்லம் ஒன்றுதான். இந்த வீட்டுத் தூக்கு அங்கே போக, அந்த வீட்டுக் களியும் ஏழுகறிக் கூட்டும் இங்கே வர, நடுச்சுவரின் உயரம் கொஞ்சம் குறையட்டுமே.

கடலூர்க் கரையோரக் கிராமங்களுக்கோ கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கனமான நாள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி கொண்டுபோனவர்களுக்காக, வருஷா வருஷம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடிப் பாலூற்றி அழுகிறார்கள். முந்தின நாள் பானத்தில் கொஞ்சம் எடுத்துவைத்து, காலையில் ஒரு கொதி விட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய், கடல் காற்றில் நிற்கும் வயதானவர்கள் கையில் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். பேச்சு ஒன்றும் தேவைப்படாது.

கொய்யா மலிவாக இருக்கும்போதே இரண்டு கிலோ வாங்கி வந்துவிடுங்கள். பாதி பானைக்கு; மீதியை உப்புத் தடவிக் குழந்தைகளுக்குப் பச்சையாகவே கொடுத்துவிடுங்கள்!