சாரணர் படிவம் வந்திருக்கிறதா? முதலில் அணியைப் பற்றிக் கேளுங்கள்

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் தாள்களில் சாரணர் சேர்க்கைப் படிவமும் ஒன்று. இந்த மாதக் கடைசிக்குள் பெற்றோர் கையெழுத்துடன் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பாறசாலை, இஞ்சிவிளை, உதியங்குளங்கரை, அமரவிளை பகுதி வாசகர்களிடமிருந்து வந்துள்ள கடிதங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: 'கிரேஸ் மார்க் எவ்வளவு கிடைக்கும்?'

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ தேர்வுகளில் சாரணர்களுக்கு கிரேஸ் மார்க் உண்டு. எவ்வளவு என்பதை அரசு அவ்வப்போது மாற்றும். கொரோனா காரணமாக 2021, 2022 தேர்வுகளில் தரவே இல்லை, 2023-ல்தான் திரும்பியது. இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகன் பத்தாம் வகுப்பு எழுதும் ஆண்டில் என்ன கிடைக்கும் என்று எந்தப் பள்ளியும் வாக்குக் கொடுக்க முடியாது. பெயர் கொடுத்ததற்காக வருகிற மதிப்பெண்ணும் அல்ல அது. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படியேறி, ராஜ்ய புரஸ்கார் போன்ற மேல்நிலையை எட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் குறைந்தபட்சக் காலம் நின்றாக வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பில் சேர்ந்து அந்த ஆண்டே மதிப்பெண் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மதிப்பெண் பேச்சில் காணாமல் போவது இந்த இயக்கத்தின் உயிரான ஏற்பாடு. அணி என்பது அதன் பெயர்.

ஒரு சாரணர் படையில் அதிகபட்சம் 32 பிள்ளைகள். அவர்களை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு தலைவன், ஒரு துணைத் தலைவன். ஆசிரியர் 32 பேருக்கும் நேராகக் கற்பிப்பதில்லை. அணித் தலைவர்களுக்குக் கயிற்று முடிச்சையும் முதலுதவியையும் வரைபடம் பார்ப்பதையும் சொல்லித் தருகிறார். அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லித் தருகிறார்கள். முகாமில் ஒவ்வொரு அணிக்கும் தனி அடுப்பு. சோறு குழைந்தால் அது அந்த அணியின் சோறு. ஆசிரியர் வந்து மாற்றித் தர மாட்டார். அணித் தலைவர்கள் கூடும் சபை ஒன்றும் உண்டு. கோர்ட் ஆஃப் ஹானர் என்று அதற்குப் பெயர். அடுத்த மாதம் என்ன செய்வது, கையிருப்புப் பணத்தை எதற்குச் செலவழிப்பது, ஒழுங்கு மீறியவனை எப்படி நடத்துவது என்பதெல்லாம் அங்கே முடிவாக வேண்டும். ஆசிரியர் அதில் ஆலோசகர் மட்டுமே.

பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் பிரிவான குருளையரிடம் இதன் சிறிய வடிவம் இருக்கிறது. ஆறு ஆறு பேராகப் பிரிந்து ஒருவன் முன்னே நிற்பான். முடிவெடுப்பது பெரியவர்தான். ஆனால் வருகை பார்ப்பது, புதிதாக வந்தவனைக் கூட்டிச் சேர்ப்பது போன்ற வேலைகள் அந்தச் சிறுவன் கையில் இருக்கும்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய சோதனை முகாமில் இருந்தவர்கள் சுமார் இருபது பையன்களே. ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகளையும் அருகிலிருந்த ஊர்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே அணிக்குள் கலந்து போட்டார் அவர். அணியின் பலன் அந்தக் கலப்பில் இருக்கிறது. நம் எல்லைப் பகுதிக்கும் அந்தக் கலப்பு தேவை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. பொழியூர்க் கடற்கரைப் பையனும் பாறசாலைச் சந்தைப் பக்கத்துப் பையனும் வகுப்பில் பேசிக்கொள்ளாமலே ஒரு வருடத்தைக் கடத்திவிட முடியும். ஒரே அடுப்பில் சமைக்கும்போது அது நடக்காது. ஒரே வகுப்பு, ஒரே தெரு, ஒரே மொழி என்று பார்த்து அணி பிரிக்கும் பள்ளி இந்த ஏற்பாட்டைப் பாதியிலேயே கெடுத்துவிடுகிறது.

கவலைப்பட வேண்டிய பக்கமும் இதில் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனிடம் மற்ற ஆறு பேர் மீது அதிகாரம் கொடுக்கிறோம். நல்லவனாக அமைந்தால் சின்னவர்களுக்கு அண்ணன் கிடைப்பான். இல்லையென்றால் அடாவடிக்காரன் கையில் அணி சிக்கும். அணித் தலைவர் சபையும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆசிரியரும்தான் காவல். சபை கூடாமல் பதிவேட்டில் மட்டும் கூடியதாக எழுதினால் அந்தக் காவல் போய்விடும். கிரேஸ் மார்க் ஆசை கெடுப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். விருதுக்கு அருகில் நிற்கும் மாணவனே தலைவனாகிறான், சின்னவர்கள் எண்ணிக்கைக்காக நிறுத்தப்படுகிறார்கள், குறிப்பேடு நிரம்புகிறது. ஆகவே கையெழுத்திடும் முன் பள்ளியில் கேளுங்கள்: அணித் தலைவனை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தலைவர்கள் சபை கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவு செய்தது? பதில் ஆசிரியரிடமிருந்து மட்டுமே வந்தால் ஒரு பையனையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தன்னார்வ இயக்கம், கட்சி சார்பற்றது, எல்லோருக்கும் பொதுவானது என்று பாரத் சாரண சாரணியர் அமைப்பு தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இவற்றை இலக்குகளாக எடுத்துக்கொள்ளலாம். நடப்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல. 1909-ல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கர் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கியபோது இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் கதவை உடைக்கத்தான் அன்னி பெசண்ட் 1916-ல் ஜார்ஜ் அருண்டேலுடன் சென்னையில் தனிச் சாரணர் சங்கமே தொடங்கினார். பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றானது 1950 நவம்பர் 7-ல். கட்சி விஷயத்துக்கு 2017 செப்டம்பர் போதும்: தமிழ்நாட்டுக் கிளையின் தலைவர் பதவிக்கு பாஜகவின் எச். ராஜா போட்டியிட்டு, 232-க்கு 52 என்ற வாக்குகளில் பி. மணியிடம் தோற்றார். கட்சிகளுக்கு அக்கறையில்லாத இடத்தில் இப்படி ஒரு போட்டி வந்திருக்காது. தன்னார்வமும் அப்படியே, ஊதியம் இல்லாத இந்த வேலையை விரும்பி எடுத்த ஆசிரியரும் உண்டு, தலையில் கட்டப்பட்டவரும் உண்டு. பயிற்சி முகாம்களை முடித்தவரா என்று கேட்பதில் தவறில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வீடு களியக்காவிளையில், பள்ளி பாறசாலையில். எந்த மாநிலக் கிளை? பள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்தது, கேரளக் கிளைதான்.

உறுதிமொழியில் கடவுள் வருகிறாரே? அந்த இடத்தில் 'தர்மம்' என்று சொல்ல விதி அனுமதிக்கிறது.

தங்கைக்கும் உண்டா? உண்டு, சிறுமியருக்குப் புல்புல், வளர்ந்தவர்களுக்கு கைடு.

ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் மேல் அல்லவா? அது 2010-ல் கேரளக் காவல்துறை தொடங்கியது, எட்டாம் வகுப்பில்தான் சேர முடியும். கட்டளை மேலிருந்து வரும்.

ஹிந்துஸ்தான் ஸ்கௌட்ஸ் என்று ஒரு படிவம் வந்திருக்கிறதே? அது வேறு அமைப்பு. கையெழுத்திடும் முன் படிவத்தின் தலைப்பைப் பாருங்கள்.

முகாமுக்கு அனுப்ப மறுக்கலாமா? பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அழைத்துப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால்? விலகலாம்.