படம் பிடித்தவரின் பெயர்

2010ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் தேதி மாலை 4 மணி 53 நிமிஷத்துக்கு ஹெய்ட்டி நாட்டின் தலைநகரம் பூகம்பத்தால் குலுங்கிச் சரிந்தபோது, அந்நகரிலேயே பிறந்து புகைப்படத் தொழிலால் ஜீவனம் நடத்திவந்த டேனியல் மோரல் என்பவர், காமிராவை எடுத்துக்கொண்டு வீதிக்கு விரைந்தார். இடிபாடுகளினின்று புழுதி படிந்த முகத்தோடு வெளிப்பட்ட மனிதர்களை அவர் படம் பிடித்தார். அன்றைக்கே ட்விட்டரில் கணக்கொன்று ஆரம்பித்து, அதனோடு சேர்ந்த ட்விட்பிக் என்ற சேவையில் 13 படங்களை ஏற்றினார். சிறிது நேரத்துக்கெல்லாம் அண்டை நாட்டிலிருந்த ஒருவர் அவற்றைப் பிரதி செய்து, தாம் எடுத்தவை என்று சொல்லிக்கொண்டார். ஏ.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுச் செய்தி ஸ்தாபனம் அவற்றுள் 8 படங்களை அந்த அந்நியரின் பெயராலேயே எடுத்து விநியோகித்தது. கெட்டி இமேஜஸ் என்னும் பட விற்பனை நிறுவனத்தின் வழியாகவும் அவை உலகத்துப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

மோரல் ஆட்சேபித்தார். அதற்குப் பதிலாக, தன்மேல் குற்றமில்லை என்று தீர்ப்புக் கோரி முதலில் நீதிமன்றத்துக்குப் போனது அந்தச் செய்தி ஸ்தாபனமே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ட்விட்டரில் வைத்த படத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் விதிகளே சம்மதம் அளிப்பதாக அது வாதித்தது. நியூயார்க் நீதிமன்றம் 2013 ஜனவரியில் அவ்வாதத்தை நிராகரித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜூரிகள் இரு நிறுவனங்களும் சேர்ந்து அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நியாயம் கிடைத்தது உண்மையே. ஆனால் சில மணி நேரத்தில் நேர்ந்த அபகரிப்புக்குப் பரிகாரம் காண அவருக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் பிடித்தது.

இந்த வரலாற்றிலிருந்து நான் உணர்ந்துகொண்டது ஒன்று உண்டு. பிறர் கண்ணுக்குக் காட்டிய படத்தைப் பிரதி எடுக்காதபடி தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. வலைப்பக்கத்தில் சுட்டியின் வலது பொத்தானை அழுத்த முடியாமல் செய்துவிட்டோம் என்று சிலர் திருப்தி அடைகிறார்கள். படம் பார்ப்பவருடைய திரையில் தோன்றும்பொழுதே அதன் பிரதியொன்று அவருடைய கருவிக்குள் வந்து இறங்கிவிட்டது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஆகையால் நம்முடைய பிரயாசையெல்லாம் கதவை அடைப்பதில் அல்ல, படத்தோடு நம் பெயரைப் பிரியாமல் பிணைத்து வைப்பதிலும், மூலம் நம்மிடமே இருக்கிறது என்பதற்குச் சாட்சி சேர்ப்பதிலும் செலவாக வேண்டும்.

அந்தச் சாட்சிகளுள் தலையாயது, காமிரா முதன்முதலில் பதிவு செய்யும் ரா கோப்பு. அதை எக்காரணத்தைக் கொண்டும் வெளியே கொடாமல், இரண்டு இடங்களில் பத்திரமாக வைத்திருப்பவரிடம், திருடியவர் ஒருநாளும் காட்ட முடியாத அத்தாட்சி இருக்கிறது. பொதுவெளியில் வைப்பதற்குச் சிறிய பிரதி போதும். நீண்ட பக்கம் 1,200 பிக்ஸல் உள்ள படம் கைப்பேசித் திரையில் அழகாகவே தெரியும். ஆனால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அதை அச்சிட்டால் 4 அங்குலத்துக்கு மேல் நீளாது. காலண்டர் அச்சடிப்பவருக்கு அது உதவாது.

நீர்க்குறியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரைப் படத்தின் ஓரத்தில் பொறித்தால் கத்தரித்துவிடுவார்கள். நடுவில் பொறித்தால் படத்தின் ஜீவனே கெடுகிறது. அதற்கும் மேலாக, ஒரே குறியை நூற்றுக்கணக்கான படங்களில் மாறாமல் பதித்தால், அப்படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குறியைக் கணித்து, அதைத் தானாகவே அழித்துவிட முடியும் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2017இல் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தைச் சிறிது வளைத்து வைத்தால் அந்த முறை தடுமாறுகிறது என்பதையும் அவர்களே கூறினார்கள். எடுத்தவர் பெயர், தேதி, அனுமதி பெற வேண்டிய முகவரி ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே மெட்டாடேட்டாவாக எழுதி வைக்கும் வழக்கமும் நல்லதே. ஆயினும் வாட்ஸ்அப்பைப் போன்ற சேவைகளின் வழியே போகும்போது அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். டின்ஐ, கூகுள் ஆகியவற்றின் படத் தேடலில் நம் படத்தையே கொடுத்து, அது எங்கெங்கே உலவுகிறது என்று மாதம் ஒருமுறையேனும் பார்த்துவருவது உத்தமம்.

நமது தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் கலைஞன் பக்கமே நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பதிவு செய்தாலன்றி உரிமை இல்லை என்பது தவறான எண்ணம். 2012இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அவ்வுரிமை அவருடைய ஆயுட்காலம் முழுவதும், அதற்குமேல் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. கோப்பில் பொதிந்த உரிமைக் குறிப்பைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவதற்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வலைத்தளத்தாருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தால், அதில் நியாயம் கண்டவிடத்து அவர்கள் 36 மணி நேரத்துக்குள் படத்தை மறைக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதைத் திரும்பவும் காட்டலாம் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களில் அநேகர் அறியாத விதி ஒன்றும் அச்சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துத் தம் பொருட்டு எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரையில், அவரே முதல் உரிமையாளர். கல்யாண வீட்டில் எடுத்த படத்தைத் தம் விளம்பரத்தில் போட விரும்பும் புகைப்படக்காரர், முன்பணம் வாங்கும் தினத்திலேயே அதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். மணமகளின் முகம் அவளுடைய சம்மதமின்றி ஊரெங்கும் தொங்குவது எனக்கு மோரலுடைய படங்கள் களவு போனதைக் காட்டிலும் சிறிய அநீதியாகத் தோன்றவில்லை.

பத்திரிகை நடத்தும் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு படம் கைக்கு வந்தவுடன், அதை எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். தெரிந்தால் அவரிடம் அனுமதி கேட்டு அவர் பெயரைப் படத்தின் அடியில் போடுங்கள். தெரியாவிட்டால் அந்தப் படத்தைப் போடாமல் விடுங்கள். ‘நன்றி: இணையம்’ என்று அச்சிடும் வழக்கத்தை இந்த இதழோடு நிறுத்திவிடுங்கள்.