உங்களுக்குத் தெரியுமா? நிலக்கரியை இடம் மாற்றிய சட்டம்

அமில மழையால் ஏரிகளில் மீனினமும் மலைச்சாரல்களில் விருட்சங்களும் நாசமாவதைக் கண்ட அமெரிக்க தேசம், 1990-ஆம் ஆண்டு தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, அனல்மின் நிலையங்கள் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடுக்கு உச்ச வரம்பு விதித்தபோது, அச்சட்டம் நிலக்கரி வியாபாரத்தையே திசை திருப்பியது.

இல்லினாய் மாநிலத்துக் கரியைக் கையிலெடுத்து உடைத்தால், கருமைக்கு நடுவே பொன்னிற இழைகள் மின்னும். கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் அந்தக் கந்தகச் சேர்மமே எரியும்போது நச்சுப் புகையாகிறது. ஆகவே, சில நிலையங்கள் புகையைக் கழுவும் யந்திரங்களை நிறுவ, வேறு பல நிலையங்களோ, ரயில் கட்டணம் குறைந்ததும் துணைநிற்க, கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்கேனும் இல்லாத வயோமிங் மாநிலத்துக் கரியை நாடின. நூறு பெட்டிகளுக்கு மேல் கோத்த ரயில்கள் ஆயிரம் மைல் கடந்து அதைச் சுமந்து சென்றன. இல்லினாயிலோ சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன.

2010-க்குள் மின்நிலையங்களின் கந்தகப் புகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. சுவாசிக்கும் காற்றைக் காக்கச் சட்டம் இயற்றுவோர், அதனால் ஜீவனம் இழக்கும் தொழிலாளரையும் அச்சட்டத்திலேயே காக்கக் கடமைப்பட்டவர்கள்.