ரீடச்

ரீடச் என்பது, ஏற்கெனவே முடிக்கப்பட்ட ஓர் ஒளிப்படம், ஓவியம் அல்லது வேறு பொருளின் மீது மீண்டும் கைவைத்து, அதன் சிறு குறைகளை நீக்குவதையோ தோற்றத்தைச் சற்று மாற்றுவதையோ குறிக்கும் சொல் ஆகும். இடத்துக்கு ஏற்பச் செப்பனிடல், திருத்தம், மெருகூட்டல் ஆகிய சொற்கள் தமிழில் இதற்கு இணையாகப் பயன்படுகின்றன. இன்று இச்சொல் பெரும்பாலும் ஒளிப்படத் துறை சார்ந்ததாகவே அறியப்படுகிறது. எனினும் வேறு பல துறைகளிலும் இது வழங்குகின்றது.

சொற்பொருள்

இச்சொல் பிரெஞ்சு மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாகும். இதன் நேர்ப்பொருள் "மீண்டும் தொடுதல்" என்பதாகும். புதிதாக ஒன்றை உருவாக்குவது ரீடச் ஆகாது. முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் செய்வதும் ரீடச் ஆகாது. முடிந்த ஒன்று அப்படியே இருக்க, அதன் மீது செய்யப்படும் இரண்டாவது வேலையே இச்சொல்லால் குறிக்கப்படுகிறது.

பல்வேறு துறைகளில்

ஆடை: பிரெஞ்சு மொழியில், தைத்த ஆடையைப் பிரித்து உடலளவுக்கு ஏற்பத் திருத்துவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் இவ்வேலை "ஆல்டர்" செய்தல் எனப்படும்.

முடி: சாயம் பூசிய முடி வளரும்போது அதன் வேர்ப்பகுதி இயற்கை நிறத்துடன் வெளிப்படும். அப்பகுதிக்கு மட்டும் மீண்டும் சாயம் பூசுவது ரீடச் ஆகும்.

தொல்லியல்: கற்கருவியின் விளிம்பில் இருந்து சிறு செதில்களைப் பெயர்த்து, அதனைக் கூராக்குவதோ வடிவப்படுத்துவதோ ரீடச் எனப்படுகிறது. ஒரு கற்செதில் கருவியாகத் திருத்தப்பட்டது என்பதை அறிய இத்தடயங்கள் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன.

ஓவியம்: பழைய ஓவியங்களில் வண்ணம் உதிர்ந்த இடங்களை நிரப்புவதும் ரீடச் ஆகும். இத்தாலியின் ரோம் நகரில் 1939 இல் நிறுவப்பட்ட மத்திய மீட்பு நிறுவனத்தில், செசாரே பிராண்டியின் வழிகாட்டலில் 1940களில் "திரத்தெஜ்ஜோ" என்னும் முறை உருவாக்கப்பட்டது. இம்முறையில் உதிர்ந்த இடம் மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பப்படுகிறது. தொலைவில் இருந்து நோக்கின் ஓவியம் முழுமையாகத் தோன்றும். அருகில் சென்றால் எது பழையது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

ஒளிப்படத் துறையில்

செருமனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் பிரான்சு ஆன்ஃப்சுடெங்கல், 1855 இல் பாரிசில் நடைபெற்ற கண்காட்சியில், திருத்தப்பட்ட நெகட்டிவில் இருந்து எடுத்த படத்தைக் காட்சிக்கு வைத்தார். அதன் பின்னர் நெகட்டிவைத் திருத்துவது படப்பிடிப்பு நிலையங்களின் வழக்கமான வேலையாயிற்று. தமிழ்நாட்டில் இது "டச்சிங்" எனப்பட்டது.

திருத்துபவர், கீழிருந்து ஒளி வரும் தேய்த்த கண்ணாடிப் பலகையின் மீது நெகட்டிவை வைத்துக்கொள்வார். முகச் சுருக்கம், கண்ணின் கீழ்க் கருமை போன்றவை நெகட்டிவில் ஒளி ஊடுருவும் மெல்லிய பகுதிகளாக இருக்கும். கூரிய பென்சிலால் அங்கு நுண்ணிய கோடுகளை இட்டால் அப்பகுதி அடர்த்தி பெறும். அச்சிடும்போது அவ்விடம் வெளுப்பாகத் தோன்றும். மாறாக, ஓரிடத்தைக் கருமையாக்க வேண்டுமெனில் நெகட்டிவின் மேற்பூச்சு கத்தியால் மெல்லச் சுரண்டப்படும். அச்சிட்ட படத்தில் தூசியால் விழுந்த வெண்புள்ளிகள் தூரிகையால் மறைக்கப்படும்.

1990 இல் ஃபோட்டோசாப் மென்பொருள் வெளியானபின் இவ்வேலை படிப்படியாகக் கணினிக்கு மாறியது. இன்று திறன்பேசிகளில் உள்ள செயலிகள், பயனர் கேட்காமலேயே முகத்தை மென்மையாக்குவதும் உண்டு. 2023 முதல், படத்தின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு மூலம் புதிதாக வரைந்து நிரப்பும் வசதியும் ஃபோட்டோசாப்பில் இடம்பெற்றுள்ளது.

சர்ச்சைகள்

ஒளிப்படம் நடந்ததற்குச் சான்றாகக் கொள்ளப்படுவதால், அதைத் திருத்துவது பலமுறை சர்ச்சைக்கு உள்ளாகியுள்ளது.

சோவியத் ஒன்றியத்தில், மாசுக்கோ கால்வாய்க் கரையில் இசுட்டாலினுடன் நிற்கும் நிக்கொலாய் எசோவின் உருவம், 1940 இல் அவர் கொல்லப்பட்டபின் படத்தில் இருந்து அகற்றப்பட்டது. அவர் நின்ற இடத்தில் நீர்ப்பரப்பு வரையப்பட்டது.

நேசனல் சியாகிரபிக் இதழ், 1982 பெப்ரவரி அட்டையின் நெடுக்குவாட்ட அளவுக்குள் அடக்குவதற்காகக் கீசாவின் பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தி வெளியிட்டது.

1994 சூனில், கைதான ஓ. சே. சிம்சனின் காவல்துறைப் படத்தை டைம் இதழ் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் நியூசுவீக் இதழ் அப்படத்தைக் கருமையாக்காமல் வெளியிட்டமையால் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. நிறத்தின் அடர்த்தியை மாற்றுவதே ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டக்கூடும் என்ற கண்டனம் எழுந்தது.

விதிமுறைகள்

ஒளிப்படக் கருவியில் படிந்த தூசியையும் பழைய நெகட்டிவின் கீறல்களையும் நீக்குவதைச் செய்தி நிறுவனங்கள் பொதுவாக ஏற்கின்றன. காட்சியில் இருந்த ஒன்றை அகற்றுவதையும் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதையும் அவை ஏற்பதில்லை. முன்னதில் கருவியின் குறை நீக்கப்படுகிறது. பின்னதில் நிகழ்வே மாற்றப்படுகிறது.

விளம்பரங்களில் உருவ அழகியரின் உடலமைப்பு மெலிவாகவோ பருமனாகவோ மாற்றப்பட்டிருப்பின், "திருத்தப்பட்ட ஒளிப்படம்" எனக் குறிப்பிட வேண்டும் என்னும் விதி பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனை ஒத்த சட்டம் நோர்வேயில் 2022 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டங்கள் திருத்துவதைத் தடை செய்யவில்லை. பார்ப்பவரிடம் அதை மறைப்பதையே தடை செய்கின்றன. அவ்வகையில் இவை திரத்தெஜ்ஜோ முறையின் கோடுகளை ஒத்தவை.

கடவுச்சீட்டுப் படங்களில் இவ்வளவு இடமும் இல்லை. திருமணப் படத்தில் நீக்கத்தக்க குறையாகக் கருதப்படும் மச்சமும் தழும்பும் கடவுச்சீட்டில் ஒருவரின் அடையாளங்கள் ஆகும். எனவே அப்படத்தில் முகத்தைத் திருத்துதல் ஏற்கப்படுவதில்லை.