தொட்டிலுக்கு உண்டா வயது வரம்பு?

நாற்பதை நெருங்கும் தம்பதிகளுக்கு மருத்துவம் வழி திறந்திருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

காலை ஆறரை மணி. கல்யாண் ஸ்டேஷனில் வந்து நிற்கும் விரைவு லோக்கலின் பெண்கள் பெட்டியில் உட்கார இடமில்லை. மும்பை சி.எஸ்.எம்.டி.க்கு 50 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, திரும்பி வரவும் அப்படியே. மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் ரயில் பாதையோடு வடக்கே நகர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன வாழ்க்கை. முதலில் வேலை நிரந்தரமாக வேண்டும். பிறகு ஃபிளாட், அதன் மாதத் தவணை, ஊரில் தங்கையின் கல்யாணம். எல்லாம் முடிந்து நிமிரும்போது மனைவிக்கு 38 வயது. 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்டு வந்த உறவினர்கள்கூடக் கேட்பதை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் கேள்வி ஓயாது: இனிமேல் குழந்தை வேண்டுமா, வேண்டாமா?

'டெஸ்ட் டியூப் இருக்கும்போது என்ன கவலை?' என்பது வழக்கமான ஆறுதல். அதற்குக் காரணம் உண்டு. இதே ரயில் பாதையிலுள்ள பரேலில், கே.ஈ.எம். மருத்துவமனையில், 1986 ஆகஸ்ட் 6 அன்று ஹர்ஷா சாவ்டா பிறந்தார். டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமாரும் சாதித்த சோதனைக்குழாய் குழந்தை அவர். 2016ல் ஹர்ஷாவே தாயானார். 2019ல் ஆந்திர மாநிலம் குண்டூரில் 74 வயதுப் பெண்மணி இரட்டைக் குழந்தைகள் பெற்ற செய்தி உலகைச் சுற்றி வந்தது. பலர் கவனிக்கத் தவறியது ஒன்று: அவருக்குக் கருமுட்டை தந்தது வேறொரு பெண்.

விஷயத்தின் முடிச்சு அங்கேதான். பெண் குழந்தை தன் கருமுட்டைகளின் மொத்த இருப்போடுதான் பிறக்கிறது. பிறகு புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. 30 வயதில் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 20. நாற்பதில் அது ஐந்துக்கும் கீழே. சோதனைக்குழாய் முறை அடைப்புகளைத் தாண்ட உதவும். முட்டையின் வயதைக் குறைக்காது. கருச்சிதைவு, ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை ஆகிய அபாயங்களும் வயதோடு ஏறுகின்றன. டவுன் சிண்ட்ரோம் பாதிப்பு 35 வயதுத் தாய்க்குச் சுமார் 350 பிரசவங்களில் ஒன்று, நாற்பதில் நூற்றில் ஒன்று. அதாவது நாற்பதிலும் 99 பேருக்கு அந்தப் பிரச்சினை வருவதில்லை. 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டியே எச்சரிக்கும். கணவரின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. எனவே பரிசோதனைக்கு இருவரும் போக வேண்டும். 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்று பலனில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்; நாற்பதைத் தாண்டியவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

சட்டமும் கோடு போட்டிருக்கிறது. 2021ம் ஆண்டின் செயற்கை முறை இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கும் 55ஐத் தாண்டிய ஆணுக்கும் கிளினிக்குகள் இந்தச் சிகிச்சை தரக் கூடாது. கருமுட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே முறைதான் தரலாம். ஆனால் 50 என்பது சட்டத்தின் எல்லை. சொந்தக் கருமுட்டையின் எல்லை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'உங்கள் வெற்றி விகிதம் என்ன?' என்பதல்ல, 'என் வயதில், என் முட்டையில், எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்?' என்பதே.

நம் பாட்டிமாரும் நாற்பதுக்கு மேல் பெற்றவர்கள்தான். தாயும் மகளும் ஒரே வருடம் பிரசவித்த வீடுகள் உண்டு. ஆனால் பாட்டிக்கு அது எட்டாவது குழந்தை, கடைக்குட்டி. தூக்கி வளர்க்க அக்காக்கள் இருந்தார்கள். கல்யாணின் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் பிறப்பது முதலும் கடைசியுமான குழந்தை. உதவிக்கு வர வேண்டிய தாத்தா பாட்டிக்கே எழுபது தாண்டி, உதவி தேவைப்படும். 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம். அதற்குப் பிறகு, இரவு எட்டு மணிக்கு லோக்கலில் இறங்கும் தாய் வரும்வரை குழந்தையை யார் பார்ப்பது? 42ல் பெற்றால் பிள்ளை கல்லூரிக்குள் நுழையும்போது பெற்றோருக்கு ஓய்வு பெறும் வயது. மறுபக்கமும் உண்டு: கையில் சேமிப்பு, தலைக்கு மேல் சொந்தக் கூரை, இருபத்தைந்தில் இல்லாத பொறுமை.

தத்தெடுப்பதிலும் வயது பேசுகிறது. 2022ன் விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதுக் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை என்றால் 90. இருவருக்கும் 42 என்றால் 84, கைக்குழந்தை கேட்கலாம். ஒரு வருடம் தள்ளினால் 86. காத்திருப்போர் பட்டியலும் நீளம்.

குழந்தை வேண்டாம் என்று இருவரும் மனமொத்து முடிவெடுத்தால் அதிலும் குறையில்லை. வருத்தம் மிஞ்சுவது, 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளியே காலம் கடந்தவர்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை, லோக்கலைப் பிடிக்கும் அவசரமும் இல்லை. முட்டையின் வயது, சேமிப்பு, ஓய்வு பெறும் ஆண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி இருவரும் பேச அந்த ஒரு நாள் போதும்.