சார்லஸ் பிரெடெரிக் வொர்த்

சார்லஸ் பிரெடெரிக் வொர்த் (13 அக்டோபர் 1825 – 10 மார்ச் 1895) பாரிஸ் நகரில் தொழில் நடத்திய ஆங்கிலேய ஆடை வடிவமைப்பாளர் ஆவார். இவர் 1858 இல் தொடங்கிய நிறுவனம், பெண்களுக்கான ஆடை வடிவமைப்பைத் தையல் தொழிலிலிருந்து வேறுபட்ட தனித் தொழிலாக நிலைநிறுத்தியது. 'ஓட் கூட்யூர்' எனப்படும் பிரெஞ்சு உயர்தர ஆடைக்கலையின் தந்தை என்று இவர் அழைக்கப்படுகிறார்.

இளமைக் காலம்

வொர்த் இங்கிலாந்தின் லிங்கன்சயர் மாவட்டத்திலுள்ள போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை வழக்கறிஞர். அவர் பொருள் இழந்து குடும்பம் நொடித்துப்போனதால், வொர்த் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு அச்சகமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று, சுவான் அண்ட் எட்கர் என்னும் துணிக்கடையில் பயிற்சியாளராக இருந்தார். துணிகளின் தரம், அவை மடியும் விதம், விலை, வாங்குவோரின் விருப்பம் ஆகியவற்றை அங்கேதான் கற்றார். ஓய்வு நேரங்களில் தேசிய ஓவியக் காட்சியகத்துக்குச் சென்று, பழைய உருவ ஓவியங்களில் உள்ள உடைகளைக் கூர்ந்து பார்ப்பார். இந்தப் பழக்கம் பிற்கால வடிவமைப்புகளில் வெளிப்பட்டது.

பாரிஸ் வாழ்க்கை

1840களின் நடுப்பகுதியில், பிரெஞ்சு மொழி சரியாகத் தெரியாத நிலையில் வொர்த் பாரிஸ் சென்றார். கஜ்லேன் என்னும் புகழ்பெற்ற பட்டுத்துணிக் கடையில் விற்பனையாளரானார். அங்கு பணிபுரிந்த மரி வெர்னே, சால்வைகளைத் தாமே போர்த்திக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டி வந்தார். 1851 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். சால்வைகள் எடுப்பாகத் தெரிவதற்காக மரிக்கு வொர்த் எளிய உடைகளை வடிவமைத்தார். சால்வை வாங்க வந்தவர்கள் அந்த உடைகளையே கேட்கத் தொடங்கினர். இதையடுத்து நிறுவனம் தயக்கத்துடன் ஒரு சிறிய தையல் பிரிவை அனுமதித்தது. 1851 ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியிலும் 1855 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலும் இவரது உடைகள் கஜ்லேன் நிறுவனத்துக்குப் பரிசுகளைப் பெற்றுத் தந்தன.

சொந்த நிறுவனம்

1858 இல், சுவீடனைச் சேர்ந்த ஓட்டோ போபெர்க் என்பவருடன் சேர்ந்து, ரியூ டி லா பே தெருவில் 7 ஆம் எண் கட்டடத்தில் வொர்த் சொந்தக் கடை தொடங்கினார். 1860 அளவில் மரி, வடிவமைப்பு வரைபடங்கள் கொண்ட ஏட்டுடன் ஆஸ்திரியத் தூதரின் மனைவியான இளவரசி பவுலின் மெட்டர்னிக்கைச் சந்தித்தார். தலா 300 பிராங்க்குக்கு மிகாமல் இரண்டு உடைகள் தைக்க இளவரசி ஒப்புக்கொண்டார். அரண்மனை விருந்தில் அவற்றில் ஒன்றைக் கண்ட பேரரசி யூஜெனி, வொர்த்தை அழைத்துவரச் சொன்னார். அதன்பின் 300 பிராங்க்குக்குத் தமக்கு வொர்த்தின் உடை கிடைக்கவே இல்லை என்று இளவரசி தம் நினைவுக் குறிப்பில் வேடிக்கையாக எழுதியுள்ளார்.

தொழில் முறையில் மாற்றம்

வொர்த்துக்கு முன்பு, செல்வந்தப் பெண்கள் ஒரு கடையில் துணியும் வேறொரு கடையில் பின்னல் கரையும் வாங்கித் தையற்காரியிடம் கொடுப்பது வழக்கம். உடை எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். தையற்காரியின் பெயர் வெளியே தெரியாது. வொர்த் இந்த உறவைத் தலைகீழாக்கினார். துணி, வடிவமைப்பு, தையல் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். உடைகளை முன்கூட்டியே வடிவமைத்து, இளம்பெண்களுக்கு அணிவித்துக் காட்டினார். வாடிக்கையாளர் அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, அது அவருடைய அளவுக்குத் தைக்கப்பட்டது. ஓவியர் கையொப்பமிடுவது போல, உடையின் உட்புறத்தில் தம் பெயர் நெய்த நாடாவையும் வைத்துத் தைத்தார்.

உயர்தர ஆடை என்றாலும் உற்பத்தி முறையில் சிக்கனம் இருந்தது. நீண்ட தையல்கள் இயந்திரத்தில் தைக்கப்பட்டன. நுண்ணிய வேலைகள் கையால் செய்யப்பட்டன. ஒரே வகைக் கையை வெவ்வேறு மேலாடைகளுடன் பொருத்தியதால், குறைந்த அளவு வெட்டு மாதிரிகளிலிருந்து பல உடைகள் உருவாகின. வெளிநாட்டுக் கடைகள் படியெடுத்துக்கொள்ளவும் மாதிரிகள் விற்கப்பட்டன. 1870 அளவில் நிறுவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடையில் வொர்த்தின் பெயர் இடம்பெற்றது. தைத்தவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை.

பேரரசுக்குப் பின்

1870 இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரான்ஸ் தோற்று, பேரரசு கவிழ்ந்தது. யூஜெனி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். போபெர்க்கும் கூட்டிலிருந்து விலகினார். அரண்மனையை நம்பியிருந்த தொழில் அத்துடன் முடிந்திருக்கக்கூடும். ஆனால் வொர்த்தின் பெயர் அதற்குள் அமெரிக்காவரை பரவியிருந்தது. புதிதாகச் செல்வம் ஈட்டிய அமெரிக்கக் குடும்பங்களும், சாரா பெர்னார்ட் போன்ற மேடைக் கலைஞர்களும் அரசவையின் இடத்தை நிரப்பினர். 1883 இல் நியூயார்க்கில் நடந்த மாறுவேட நடன விருந்துக்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் அணிந்த 'மின்விளக்கு' உடை வொர்த் நிறுவனத்தில் தயாரானதே.

மரபு

1895 இல் வொர்த் இறந்தபின், அவருடைய மகன்கள் பொறுப்பேற்றனர். காஸ்தோன் நிர்வாகத்தையும் ஜான் பிலிப் வடிவமைப்பையும் கவனித்தனர். பின்னாளில் புகழ்பெற்ற பால் புவாரே, 1900களின் தொடக்கத்தில் இங்கு சிறிது காலம் பணியாற்றினார். 1950களில் ஆடை நிறுவனம் முடிவுக்கு வந்தது. எனினும் பருவந்தோறும் புதிய தொகுப்பு, மாடல்கள் அணிந்து காட்டும் முறை, பெயர் நாடா ஆகியவை உலக ஆடைத் தொழிலின் வழக்கங்களாக நிலைத்துவிட்டன. இவரது உடைகள் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.